கொடிவழி: அன்று வாயில், இன்று கையில்

யாழ்ப்பாணத்து ஊர் ஒன்றுக்குள் முகம் தெரியாத இளைஞன் ஒருவன் வந்தால், படலையடியில் நிற்கும் ஆச்சி முதலில் கேட்பது, “தம்பி, நீர் ஆற்றை மோன்?” என்றுதான். தகப்பன் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி, “தாய் எவ்விடம்?” அதற்கும் பதில் வந்தால் போதும். அவனுடைய அம்மம்மா எந்த வளவில் பிறந்தவர், அவருடைய தமையன் எந்த ஊரில் கலியாணம் முடித்தார், கோதாரி வந்த வருசத்தில் அந்தக் குடும்பத்தில் யார் யார் போனார்கள் என்பதெல்லாம் ஆச்சியின் வாயிலிருந்தே வரும். கடைசியில், “அப்பிடியெண்டால் நீ எனக்குப் பேரன் முறையடா” என்பார். ‘நீர்’ ‘நீ’ ஆகிவிடும். தேத்தண்ணியும் வந்துவிடும்.

அந்தக் காலத்தில் முன்னோரைத் தேடுவது என்று தனியாக ஒரு வேலை இருக்கவில்லை. கலியாணம் பேசினால் கொடிவழி தெரியவேண்டும். காணி பிரித்தால் தெரியவேண்டும். செத்தவீட்டில் கொள்ளி வைப்பவர் யார், நெய்ப்பந்தம் பிடிக்கும் பேரப்பிள்ளைகள் யார், யாருக்கு எத்தனை நாள் துடக்கு என்பதற்கும் தெரியவேண்டும். வாழ்க்கைக்கு அது தேவைப்பட்டதால் ஊரில் நாலு பேராவது அதை மனத்தில் வைத்திருந்தார்கள்.

இன்று அதே ஊர்க் குடும்பத்தின் பிள்ளை டொரொன்டோவிலோ லண்டனிலோ பள்ளிக்கூடத்துக்குக் குடும்ப மரம் வரைகிறது. தகப்பன் வழியில் அப்பப்பாவின் பெயரோடும், தாய் வழியில் அம்மம்மாவின் செல்லப் பெயரோடும் மரம் நின்றுவிடுகிறது. அதற்கு மேலே தேட வேண்டுமானால் தகப்பன் தொலைபேசியைக் கையில் எடுக்கிறார். அந்தத் தொலைபேசியில் அவருடைய தகப்பன் கனவிலும் கண்டிராத பதிவுகள் கிடைக்கின்றன. பதிவுகள் கைக்கு வந்துவிட்டன, அவற்றில் இருப்பவர் நமக்கு யார் என்று சொல்லக்கூடிய வாய்கள் ஓய்ந்துகொண்டிருக்கின்றன. இரண்டும் சேர்ந்திருக்கும் காலம் இதுதான். அது நெடுநாள் நீடிக்காது.

அரசு எழுதியது

ஊர் மனத்தில் வைத்திருந்ததை அரசு தன் தேவைக்குத் தாளில் எழுதியது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். போர்த்துக்கேயர் தொடக்கிய தோம்பு என்ற பதிவேட்டு முறையை அவர்கள் விரித்தார்கள். காணித் தோம்பு காணிக்கு உரியவரையும் அதன் அளவையும் எழுதியது. தலைத் தோம்பு வீட்டாரை ஆள் ஆளாக எழுதியது. கோவிற்பற்றுப் பள்ளிக்கூடத்தில் இருந்த தோம்பில் திருமுழுக்கும் கலியாணமும் ஏறின. பதவியும் சொத்துரிமையும் சட்டப்படி செல்லும் திருமணமும் இந்தப் பதிவோடு கட்டப்பட்டிருந்தன. அதனால் சைவக் குடும்பத்தாரும் திருமுழுக்குப் பெற்று, ‘தொன்’ என்ற முன்னொட்டோடும் போர்த்துக்கேயப் பெயரோடும் அங்கே நிற்கிறார்கள். கோயில் கட்டிய குடும்பத்தின் முன்னோர் தோம்பில் வேறு பெயரில் இருக்கலாம் என்பது தெரியாதவருக்கு அந்த ஏடு கையில் இருந்தும் பயனில்லை.

பிரித்தானியர் 1867இல் பிறப்பு இறப்புப் பதிவைச் சட்டமாக்கினார்கள். தீவு முழுவதையும் தழுவிய முதல் குடிசன மதிப்பீடு 1871 மார்ச் 27இல் நடந்தது. 1901ஆம் ஆண்டு மதிப்பீட்டை நடத்தியவர் பதிவாளர் நாயகமாக இருந்த பொன்னம்பலம் அருணாசலம். அந்த அறிக்கையைப் புரட்டினால் அன்றைய இலங்கையின் மொழியும் மதமும் தொழிலும் கண்முன் வருகின்றன. ஆனால் அதில் உங்கள் பூட்டன் இல்லை, தொகைதான் உண்டு. இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே வீட்டுவாரியான மதிப்பீட்டுத் தாள்களை நூறு ஆண்டு காத்துவைத்துத் திறக்கிறார்கள். 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஜனவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. தன் கொள்ளுப்பாட்டன் எந்தத் தெருவில், எத்தனை பிள்ளைகளோடு, என்ன தொழில் செய்து வாழ்ந்தான் என்று ஓர் ஆங்கிலேயக் குடும்பம் ஒரே தாளில் பார்க்கிறது. நம்மவருக்கு அந்த வசதி இல்லை.

நமக்கு அந்த இடத்தை ஓரளவு நிரப்புவது வாக்காளர் இடாப்பு. 1931இல் டொனமூர் அரசியலமைப்போடு 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. அதன் பின் வந்த இடாப்புகளில் வீட்டுக்குள்ளேயே வாழ்ந்து முடிந்த பெண்களும் தங்கள் பெயரோடு வந்தார்கள். அவர்களில் பலருக்கு அரசுத் தாளில் வேறு இடம் கிடைத்ததே இல்லை.

பெண் வழியைக் காத்த உறுதிகள்

முன்னோரைத் தேடுகிறவர்களில் பெரும்பாலானோர் ஆண் வழியில் ஏறி, நாலு படியில் நின்றுவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 1707இல் ஒல்லாந்தருக்காகத் தொகுக்கப்பட்ட தேசவழமை என்ற வழமைச் சட்டத்தின்படி, தகப்பனின் முதுசம் ஆண்பிள்ளைகளுக்கும் தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கும் போனது. நடைமுறையில் இதன் விளைவு என்ன? கிணற்றோடு கூடிய ஒரு வளவு, தாயிடமிருந்து மகளுக்கும் அவளிடமிருந்து அவள் மகளுக்கும் சீதன உறுதியால் இறங்கி வந்துகொண்டே இருந்தது. நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதியும், இந்தக் காணி கொடுப்பவருக்கு எப்படி வந்தது என்று முந்திய உறுதியின் இலக்கத்தையும் திகதியையும் சொல்லும். அதைப் பிடித்துப் பின்னே போனால், எந்தப் பிறப்புப் பதிவிலும் இல்லாத ஒரு பூட்டி தன் பெயரோடும் தன் காணியின் பெயரோடும் வந்து நிற்பாள். நாலு எல்லைக்கும் உரியவர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். அவர்களில் பாதிப்பேர் சகோதரங்களாகவும் மச்சான்மாராகவும் இருப்பார்கள்.

அன்று உறுதியைப் பெட்டகத்தில் வைத்தார்கள், வழக்கு வந்தால் எடுத்தார்கள். இன்று காணி விற்றவுடன் பழைய உறுதிகளுக்கு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வாங்குகிறவரிடம் கட்டோடு கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வைப்பவர் தன் தாய்வழியைக் காப்பாற்றுகிறார்.

தகப்பன் பிறந்த தாள் கேட்ட சட்டம்

மலையகத் தமிழருக்கு முன்னோர் தேடல் விருப்பத்தின் பேரில் வந்ததில்லை, சட்டம் அதை அவர்கள் தலையில் சுமத்தியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது என்றது. தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்டவேண்டும், இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டவேண்டும். தாய் பிறந்த இடம் கணக்கில் வரவில்லை. இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழி நடந்து, வழியில் செத்தவர்களை அங்கேயே விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம், தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களிடம், அப்படியொரு தாள் எங்கே இருந்திருக்கும்? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களையும் பின் பிறந்த பிள்ளைகளையும் எண்ணிக்கையாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சியவர்களின் நாடற்ற நிலையைப் போக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

அன்று அந்த மக்களின் பெயர் நாள்தோறும் ஏறிய ஏடு ஒன்று இருந்தது. அது தோட்டத்துச் செக்ரோல். கூலி கொடுக்க வேண்டியிருந்ததால் கொழுந்து பறித்த பெண்ணும் அதில் தன் பெயரில் இருந்தாள். அரசு கேட்ட தாளில் இல்லாத தாய், துரையின் கணக்கில் இருந்தாள். இன்று திருச்சியிலும் நீலகிரியிலும் குடியேறியவர்களின் பிள்ளைகள் பாட்டன் பிறந்த தோட்டத்தைத் தேடுகிறார்கள். பிரஜாவுரிமை மனுக்களும் கடவுச்சீட்டுகளும் அவர்களுக்குப் பிடிகொம்பு. அன்று பிரிப்பதற்காக எழுதப்பட்ட தாள்களைக் கொண்டு இன்று அக்கரையில் தங்கிவிட்ட பெரியப்பா பிள்ளைகளைக் கண்டுபிடிக்கிறார்கள்.

சேமக்காலையும் சுடலையும்

கத்தோலிக்கக் குடும்பத்துக்குச் சேமக்காலை இருக்கிறது. கல்லில் பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் இருக்கின்றன. பங்குக் கோவிலில் திருமுழுக்கு ஏடும், திருமண ஏடும், மரித்தோர் ஏடும் இருக்கின்றன. ஞானத்தாய் ஞானத்தகப்பன் யார் என்ற வரியைப் பார்த்தே பல உறவுகளைக் கண்டுபிடிக்கலாம், ஏனென்றால் அந்த இடத்தில் மாமனும் சின்னம்மாவும்தான் பெரும்பாலும் நிற்பார்கள். ஐரோப்பியர் கல்லறைகளுக்குத் தனி நூலே உண்டு. இலங்கையின் கல்லறை வாசகங்களைத் தொகுத்து ஜே. பென்ரி லூயிஸ் 1913இல் வெளியிட்டார். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் 1990ஆம் ஆண்டுச் சண்டையில் இடிந்துபோன பின், அங்கிருந்த கற்களின் வாசகங்களுக்கு அத்தகைய அச்சுப் பிரதிகள் சாட்சி.

சைவர்களுக்குக் கல்லறை இல்லை. சுடலையில் எரித்து, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டால் நிலத்தில் அடையாளம் எதுவும் மிஞ்சாது. அந்த இடத்தில்தான் யாழ்ப்பாணத்துச் சமூகம் தனக்கென்று ஓர் ஆவணத்தை ஆக்கிக்கொண்டது. 31ஆம் நாள் அந்தியேட்டியன்று வந்தவர்கள் கையில் கொடுக்கும் சிறு புத்தகம் அது. அதன் பெயர் கல்வெட்டு.

பழைய கல்வெட்டொன்றைத் திறந்தால் முதலில் திதி வெண்பா இருக்கும். எந்த வருடம், எந்த மாதம், எந்தப் பட்சத்துத் திதி என்று செய்யுளில் சொல்லும், ஆண்டுதோறும் திவசம் கொடுக்க அது வேண்டும். பின் ஊர்ச் சிறப்பும் குலமரபும். இன்னார் மகன், இன்னாரை மணந்தார், இன்ன பிள்ளைகளைப் பெற்றார், அவர்கள் எங்கே என்ன உத்தியோகம் என்று பாட்டாகவே போகும். பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல். கடைசிப் பக்கத்தில் வம்சாவளி. ஊர்ப் புலவர் ஒருவர் ஓரிரு வாரத்துக்குள் வீட்டுக்காரரிடம் கேட்டுக் கேட்டு எழுதியது அது. பிழை இருந்தால் 31ஆம் நாளே பந்தியில் யாராவது சொல்லிவிடுவார்கள். ஆதலால் அது ஊர் பார்த்துத் திருத்திய ஆவணம்.

மரண அறிவித்தலும் அதே வகை. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் ஈழநாடு 1959இலும் தொடங்கின. இலங்கை வானொலியும் மரண அறிவித்தலை நாள்தோறும் வாசித்தது, அந்த நேரத்தில் வீட்டில் சத்தம் போட ஒருவரும் துணியமாட்டார்கள். “காலஞ்சென்ற இன்னார் இன்னார் தம்பதியரின் மகளும், இன்னாரின் மனைவியும், இன்னாரின் தாயாரும், இன்னாரின் மாமியாரும், இன்னாரின் மைத்துனியும்” என்று போகும் அந்த ஒற்றை வாக்கியத்தை வம்சாவளி ஆய்வாளர்கள் மதிக்கவேண்டிய அளவுக்கு மதிக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம். பிறப்புப் பதிவு மேல்நோக்கி மட்டும் போகும். மரண அறிவித்தல் பக்கவாட்டிலும் போகும். தாயின் பெயர், சகோதரிகளின் பெயர், அவர்களின் கணவன்மார், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். நாலைந்து அறிவித்தல்களை அடுத்தடுத்து வைத்தால் ஒரு முழுக் கிராமமே உறவுமுறையோடு எழும்பிவிடும்.

இந்தப் பெருமை எல்லோருக்கும் கிடைத்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். கல்வெட்டுக்குப் புலவரும் அச்சுக்கூலியும் வேண்டும். காணியில்லாதவர்களுக்கு உறுதியில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய அரசு அடிமைகளைப் பதிவுசெய்யச் சொன்னது. இலங்கையில் அடிமைமுறை ஒழிந்தது 1844இல். ஒடுக்கப்பட்ட சாதியார் பலரின் முன்னோர் முதன்முதலாகப் பெயரோடு வருவது உடையவரின் சொத்துப் பட்டியலிலோ அடிமைப் பதிவேட்டிலோதான். வரலாற்றாசிரியர் நிரா விக்கிரமசிங்க இத்தகைய ஆவணங்களைக் கொண்டு 2020இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அந்த ஏட்டில் தன் பூட்டனைக் காண்பவர் தலைகுனிய ஏதுமில்லை. தலைகுனிய வேண்டியது எழுதி வைத்துக்கொண்ட சமூகம்.

எரிந்தவை, எழுதப்படாதவை

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் போயின. ஈழநாடு அலுவலகமும் அதே நாட்களில் எரிந்தது. 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் போரினால் வீடுவாசல் விட்டு எழும்பியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே கைதடிப் பக்கம் நடந்தது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், உறுதி ஆகியவற்றை எடுத்தார்கள். கல்வெட்டுக் கட்டும் பழைய படங்களும் தகரப் பெட்டியோடு அங்கேயே இருந்துவிட்டன. அவற்றைச் சுமக்கத் தோள் இருக்கவில்லை.

2009இல் போர் முடிந்த பின் இன்னொரு வெற்றிடம். காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டம் இறப்புச் சான்றிதழ் தர முன்வந்தது. 2016இல் காணாமற்போனமைச் சான்றிதழ் என்ற ஏற்பாடு வந்தது. இறந்தார் என்று ஏற்க மறுத்த தாய்மார் இறப்புச் சான்றிதழைக் கையால் தொடவில்லை. திதி தெரியாததால் திவசம் இல்லை, அறிவித்தல் இல்லை, கல்வெட்டும் இல்லை. நாளைக்கு இந்தக் குடும்பங்களின் கொடிவழியை வரைபவர், அந்தப் பெயரின் பக்கத்தில் இறந்த ஆண்டைத் தானாகப் போட்டு நிரப்பக்கூடாது. அந்த இடத்தைத் தாய் எப்படி விட்டாளோ அப்படியே விடவேண்டும்.

இன்று

தேடுகிறவருக்கு இன்று கிடைப்பவை கொஞ்சமல்ல. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நினைவு மலர்களும் பழைய பத்திரிகைகளும் இலவசமாகத் திறந்திருக்கின்றன. ஊர்ப்பெயரை இட்டுத் தேடினால் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து கொடுத்த கல்வெட்டு எழும்பி வரும். மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போன யாழ்ப்பாணத்தாரைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் எண்ணிமப் பத்திரிகைத் தொகுப்பில் தேடலாம். புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற அப்பப்பாவின் மரணச் செய்தி ஆங்கிலத்தில் நாலு வரியாக அங்கே இருக்கக்கூடும். பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள் என்று யோசித்து, அத்தனை விதமாகவும் தேடவேண்டும்.

மரண அறிவித்தலும் இணையத்துக்கு வந்துவிட்டது. “புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும், கொழும்பு, பாரிஸ் ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட” என்று தொடங்கும் வாக்கியம் ஒரு வாழ்க்கையின் இடப்பெயர்வு முழுவதையும் சொல்லிவிடுகிறது. உறவினர் பெயருக்குப் பக்கத்தில் நாட்டின் பெயர் நிற்கிறது. ஈமக்கிரியை நேரலையில் போகிறது. செய்தி வேகமாகப் போகிறது, எல்லோரையும் சேர்கிறது. குறை என்னவென்றால், ‘அன்புப் பேரப்பிள்ளைகள்’ என்று பெயரில்லாமல் முடிக்கும் வழக்கமும், தாய் தகப்பன் பெயருக்கு மேலே போகாத சுருக்கமும். கல்வெட்டில் வண்ணப்படங்கள் கூடியிருக்கின்றன, வம்சாவளிப் பக்கம் பல வேளை இல்லை.

பெயரிலும் ஒரு மாற்றம். அன்று ஒவ்வொரு தலைமுறையிலும் தகப்பன் பெயர் முன்னே வந்து நின்றது. மகன் பெயரைப் பார்த்தால் தகப்பன் தெரிந்தார், தகப்பன் பெயரைப் பார்த்தால் பாட்டன் தெரிந்தார். அது ஒரு சங்கிலி. வெளிநாட்டில் யாரோ ஒரு பாட்டனின் பெயர் குடும்பப் பெயராகி அங்கேயே நிலைத்துவிட்டது. ஒரே அண்ணன் தம்பிகள் பிரான்சிலும் நோர்வேயிலும் கனடாவிலும் வெவ்வேறு குடும்பப் பெயரோடு பதியப்பட்டிருக்கிறார்கள். நூறு ஆண்டு கழித்து இவர்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று எந்தக் கணினியும் தானாகச் சொல்லாது, நாம் எழுதிவைத்தால்தான் தெரியும்.

ஆகவே தேடலைத் திரையில் தொடங்கவேண்டாம். குடும்பத்தில் ஆக மூத்தவரிடம் தொடங்கவேண்டும். “அம்மம்மாவின் தாய் பெயர் என்ன?” என்று நேரே கேட்டால் நினைவு வராது. “அம்மம்மாவின் கலியாணத்துக்கு யார் யார் வந்தார்கள், எந்த வளவில் பந்தல் போட்டார்கள், சமைத்தது யார்?” என்று கேட்டால் ஒன்றைப் பிடித்து ஒன்று வரும். ஆட்களின் செல்லப் பெயரும் பட்டப்பெயரும் பதிவுப் பெயரும் மூன்றும் வேண்டும். விதானையார், சட்டம்பியார், பரியாரியார் என்று ஊர் கூப்பிட்டவருக்குத் தாளில் வேறு பெயர் இருக்கும். பெண்களின் பெயரை முதலில் எழுதுங்கள், முதலில் மறக்கப்படுவது அதுதான். பழைய படத்தில் நிற்பவர்களின் பெயரை இன்றே பின்னால் எழுதுங்கள். வீட்டில் கல்வெட்டுகள் இருந்தால் வருடி எடுத்து நூலகத்துக்குக் கொடுங்கள். நீங்கள் யாரென்றே தெரியாத ஒருவருடைய பூட்டி அதில் இருக்கக்கூடும்.

கனடா தன் குடிசன மதிப்பீட்டுத் தாள்களை 92 ஆண்டு கழித்துத் திறக்கிறது. 2021இல் ஸ்காபரோவில் கணக்கெடுக்கப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் தாள் 2113இல் திறக்கும். அதைப் பார்ப்பவருக்கு வயது தெரியும், வீட்டில் பேசிய மொழி தமிழ் என்று தெரியும். அந்த வீட்டு அம்மம்மா எந்த ஊர்க் கிணற்றடியில் வளர்ந்தவர், யாருக்குத் தங்கை, எந்த ஆண்டு எதைக் கைவிட்டு நடந்தார் என்று அதில் இராது. அதைச் சொல்லக்கூடியவர் இன்று உயிரோடு, பக்கத்து அறையிலோ ஒரு தொலைபேசி அழைப்புத் தூரத்திலோ இருக்கிறார். இந்தக் கிழமையே கேட்டு எழுதுங்கள்.